அடை நேராகத்தான் தொங்கியது

நம் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் இந்த ஆண்டு பயிற்றுநர்களாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான். அடைக்கு அச்சாக வைக்கும் மெழுகுத்தாள் இல்லாமல் வெறும் மரச்சட்டத்தைக் கொடுத்தால் தேனீ நேராக அடை கட்டுமா? கட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் இந்தப் பதிலைச் சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் தயங்குவதை உங்களில் ஒருவர் கவனித்துவிட்டார். "உங்களுக்கே நம்பிக்கை இல்லையா சார்?" என்று கேட்டார். தேனீயின் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. தயக்கம் என்னைப் பற்றியது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

சட்டம் கோப்பது, மேல்கட்டையின் அடியில் மெழுகால் மெல்லிய கோடு இழுப்பது, இரண்டு நேரான அடைகளுக்கு நடுவில் காலிச் சட்டத்தைச் செருகுவது, இவையெல்லாம் உங்கள் கைக்குத் தானாகப் பழகிவிடும். அவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. லேசில் பழகாத ஒன்று உண்டு. ஆட்கள் சுற்றி நிற்கும்போது, நாம் சொன்னது தவறு என்று நமக்கு மட்டும் தெரிந்துவிட்டால், அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சொல்வது. நான் அதில் தோற்றவன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்தில் ஒரு செயல்விளக்கம் வைத்திருந்தோம். விலங்கியலில் முதுகலை படித்துவிட்டு வந்தவன் என்ற நினைப்பு எனக்கு நிறைய இருந்தது. ஊரார் ராணியைக் காட்டச் சொன்னார்கள். சட்டத்தில் புது அடை இறங்கியிருந்தது, பால் வெள்ளையாக. பின்னால் நிற்பவர்களுக்கும் தெரியட்டும் என்று சட்டத்தைத் தாம்பாளம் போலப் படுக்கையாகத் திருப்பினேன். தாளும் கம்பியும் இல்லாத புது அடை செங்குத்தாகப் பிடித்திருக்கும்வரைதான் தாங்கும். அது அப்படியே கழன்று என் செருப்பின் மேல் விழுந்தது. ராணியும் அந்த அடையில்தான் இருந்தது.

என்னோடு ஒரு மூத்த பயிற்றுநர் வந்திருந்தார். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். அவர் மண்டியிட்டு, உடைந்த அடைக்குள் ராணியைத் தேடி எடுத்துப் பெட்டிக்குள் விட்டார். திரும்பும் பேருந்தில்தான் பேசினார்.

"ஆளுங்க சுத்தி நிக்கறப்ப உன் கை யாருக்கு வேலை செய்யுதுன்னு பாரு. தேன் ஈக்குச் செய்யுதுன்னா செய். பாக்கறவங்களுக்குச் செய்யுதுன்னா பெட்டிய மூடிட்டு டீ குடிக்கப் போயிரு."

நான் சிரித்தேன். பிற்பாடு புதியவர்களுக்கு இதை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். கடைப்பிடித்ததுதான் இல்லை.

இனி சொல்லப்போவது நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு நடந்தது. வெளியிலிருந்து வாங்கிய மெழுகுத்தாள்களில் என்ன கலந்திருந்ததோ, பங்குனி வெயிலில் தொய்ந்து வளைந்தன. நம் இந்தியத் தேனீ பல தாள்களைத் தொடக்கூட இல்லை. அதனால் தாள் இல்லாமலே அடை கட்ட விடுவது என்று சங்கத்தில் முடிவெடுத்தோம். அந்தப் பொறுப்பை நான்தான் கேட்டு வாங்கினேன்.

புதுப் பெட்டிகள் செய்ய ஆசாரியிடம் கொடுத்தபோது ஒரு மாற்றம் சொன்னேன். வழக்கமாகச் சட்டங்கள் வாசலிலிருந்து பின்பக்கம் வரை நீளவாக்கில் இருக்கும். ஓசூரின் மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்று வாசல் வழியாகப் புகுந்து எல்லாப் புழு அடைகளுக்கு நடுவிலும் பாயாமல் இருக்க, சட்டங்கள் வாசலுக்குக் குறுக்கே வரும்படி அமைக்கச் சொன்னேன். முன்னால் இருக்கும் அடை ஒரு திரைபோல மற்றவற்றை மறைக்கும். நல்ல யோசனைதான். இன்றும் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு விதியும் என்னிடம் இருந்தது. பெட்டியை முன்பக்கம் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும், மழைத் தண்ணீர் உள்ளே தேங்காது. பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த விதி. அதுவும் சரியான விதிதான். இரண்டு சரியான விதிகளை ஒரே பெட்டியில் சேர்த்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

அந்தப் புதுப் பெட்டிகளில் முதல் ஆறும் செல்விக்குப் போயின.

செல்வி சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவர். கணவர் பாண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார், ஒப்பந்தத் தொழிலாளி. செல்வியும் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான். குழந்தை பிறந்த பிறகு ஷிப்டுக்குப் போக முடியவில்லை. வீட்டைவிட்டு நகராமல் செய்யக்கூடிய வேலை என்று தேடி எங்கள் சங்கத்துக்கு வந்தார். பேரிகை சாலையில் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் புங்க மரங்களோடு ஒரு கொல்லை இருந்தது. வீட்டுக்காரம்மா வெங்கடம்மா, தெலுங்கு பேசுகிறவர், தன் பசுவைக் கொட்டாது என்று மூன்று முறை சத்தியம் வாங்கிக்கொண்டு இடம் கொடுத்தார்.

புதியவர்களுக்குச் சங்கத்தில் ஒரு நிபந்தனை உண்டு. கொடுத்த பெட்டிகளில் பாதியாவது மாம்பூக் காலத்தில் மகரந்தச் சேர்க்கைக்காக மாந்தோப்புக்குப் போய் உயிரோடு திரும்ப வேண்டும். அப்படிச் செய்தால் அவர் நிரந்தர உறுப்பினர், பெட்டிகள் அவருக்குச் சொந்தம். இல்லாவிட்டால் பெட்டிகள் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். செல்விக்கு வேறு வழி எதுவும் கைவசம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பெட்டிகளை வைக்க நானே போனேன். பர்கூர்ப் பக்கத்துக் குவாரியில் கழித்துப்போட்ட கருங்கல் துண்டுகளைக் கால்களாக ஊன்றினோம். முன்கல்லை ஒரு விரற்கடை தாழ்த்தி வைக்கச் சொன்னேன். பாண்டி அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மண் தோண்டினார். ஷிப்டு முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் பெட்டிகளுக்கு முன்னால் குந்திவிடுவார் என்று செல்வி ஒருமுறை போனில் சொன்னார்.

"என்னையப் பாக்க இம்புட்டு நேரம் உக்காந்ததில்ல சார் இந்த மனுசன்."

ஐப்பசியில் நல்ல மழை. கொல்லை மண் இளகியது. பாரம் முன்பக்கம் அதிகம் என்பதால் முன்கற்கள் இன்னும் இறங்கின. நான் அப்போது போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை.

கார்த்திகைக் கடைசியில் உறுப்பினர்களின் மாதக் கூட்டத்தைச் செல்வி வீட்டுக் கொல்லையில் வைத்தோம். தாளில்லாத அடையை எல்லோருக்கும் காட்டுவதுதான் என் திட்டம். உண்மையைச் சொன்னால், என் திட்டம் வென்றதைக் காட்டுவது. சாமல்பட்டியிலிருந்து மாதையன் வந்திருந்தார். சங்கத்தில் பழைய உறுப்பினர், வாய் சும்மா இருக்காத மனிதர்.

முதல் பெட்டியில் ஓரச் சட்டத்தைத் தூக்கினேன். வரவில்லை. நெம்பினேன். நான்கு சட்டங்கள் சேர்ந்து ஒரே கட்டியாக எழும்பின. மேல்கட்டையில் மெழுகுக் கோட்டில் ஒழுங்காகத் தொடங்கிய அடை, கீழே போகப்போகத் தன் சட்டத்தைவிட்டு விலகி, முன்னால் இருந்த சட்டத்தின் அடிக்கட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாச் சட்டங்களிலும் அப்படியே. அடுத்த பெட்டியையும் திறந்தேன். அதற்கும் அதே கதி.

"என்னாம்மா, இது தேன் பெட்டியா, முறுக்கு அச்சா?" என்றார் மாதையன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு முகம் சுட்டது. "பெட்டிய நகர்த்தினீங்களா?" என்று செல்வியைக் கேட்டேன்.

"இல்ல சார். நீங்க வச்சது வச்சபடிதான் இருக்கு."

"வாரா வாரம் தூக்கிப் பார்க்கச் சொன்னேனே."

"தொறந்து பாத்தேன் சார். மேலாக்க நேராத்தான் தெரிஞ்சது. தூக்குனா பிஞ்சிருமோன்னு பயந்துட்டேன்."

"பயந்தா எப்படிம்மா இந்த வேலை செய்யறது?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. நாட்றாம்பாளையத்தில் தாம்பாளம் பிடித்தவன் கேட்ட கேள்வி அது.

கத்தியை எடுத்தேன். நம் இந்தியத் தேனீ இத்தாலியத் தேனீயைப்போலப் பொறுத்துக்கொள்ளாது, கூட்டைக் கலைத்தால் கிளம்பிவிடும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆனாலும் ஒரே மூச்சில் மூன்று பெட்டிகளில் எல்லா அடைகளையும் அறுத்தேன். நிமிர்த்திச் சட்டத்தில் பொருத்தி வாழை நாரால் கட்டினேன். தேன் வழிந்து தரையெல்லாம் ஒழுகியது. புழுக்கள் வெளியே தெரிந்தன. கை சுறுசுறுப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "அடேங்கப்பா" என்றார்கள். பேருந்தில் அவர் சொன்னது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

மூன்றாவது பெட்டியை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மிச்சத் தண்ணீரோடு பாட்டிலை நான்காவது பெட்டியின் மூடிமேல் படுக்கப் போட்டேன். அது நிற்கவில்லை. கடகடவென்று உருண்டு முன்பக்கமாக விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

மெழுகு சுரக்கும் தேனீக்கள் ஒன்றின் காலை ஒன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டு எப்படித் தொங்குமோ அப்படி. அந்தச் சங்கிலி தொங்கும் திசையில்தான் அடை இறங்கும். சட்டங்கள் நீளவாக்கில் இருந்தால் பெட்டி முன்னால் சாய்ந்தாலும் அடை தன் சட்டத்துக்குள்ளேயே இருக்கும். குறுக்காக இருந்தால், பெட்டி சாயச் சாய, நேராக இறங்கும் அடை சட்டத்தைவிட்டு வெளியே போய்விடும். தேனீக்கள் கட்டிய அடை நேராகத்தான் தொங்கியது. கோணலாக நின்றது பெட்டி. அதைத் தாழ்த்தி வைக்கச் சொன்னவன் நான். சட்டங்களைக் குறுக்கே போடச் சொன்னவனும் நான்.

பாட்டிலோடு நிமிர்ந்தேன். அப்போதுதான் மாதையன் அதைச் சொன்னார்.

"சார், ஒண்ணு சொல்றங்க. அந்தப் பாண்டித் தம்பி கம்பெனிச் சட்டையோடவே பெட்டிகிட்ட குந்தியிருக்குதாம். அந்த ஆயில் நாத்தத்துக்கு நமக்கே தலை சுத்துது. ஈ கோணக்கோணையா கட்டாம என்னா செய்யும்?"

மறுபடி சிரிப்பு. சுவரோரம் நின்றிருந்த பாண்டி தன் சட்டைக் கையை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். சிரிக்கத்தான் முயன்றார். செல்வி என்னைப் பார்த்தார்.

"அப்படியுமா ஆகும் சார்?"

பதில் என் கையில் பாட்டிலாகவே இருந்தது.

"இருக்கலாம்" என்றேன்.

ஒரே சொல். எந்த அறிக்கையிலும் பதிவாகாத, யாரிடமும் அகப்படாத பொய். அதைச் சொல்ல எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

அறுத்த மூன்று கூட்டங்களும் அந்த வாரமே கிளம்பிப் போய்விட்டன. செல்வி போன் செய்தார். "போயிருச்சு சார், மூணும் போயிருச்சு" என்றார். அழுதாரா என்று தெரியவில்லை, பின்னால் குழந்தை அழுதது கேட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "மிச்ச மூணையும் தொடாதீங்கம்மா, நான் வந்து பார்க்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

போகவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. சங்கத்தில் என் பேச்சுக்கு மதிப்பு போய்விட்டால் தாளில்லா முறையையே கைவிட்டுவிடுவார்கள், அதனால் பலருக்கு நஷ்டம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

மார்கழி பாதியில் செல்வியே மறுபடி அழைத்தார்.

"சார், சங்கத்துல சொல்லி வண்டி அனுப்புங்க. பெட்டியெல்லாம் எடுத்துக்கிருங்க."

"மூணு பெட்டி இன்னும் இருக்கேம்மா. மூணு இருந்தா போதுமே, பாதி ஆச்சே."

"இருக்கு. இருந்து என்ன செய்ய? இவரு கொல்லப்பக்கமே வாரதில்ல. கம்பெனியிலயே சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு வாராரு. வந்தும் சன்னலு வழியா எட்டிப் பாக்காரு, திருடன் மாதிரி. ஒரு மனுசன் வேலைக்குப் போறதே குத்தம்னு ஆகிப்போச்சு. எனக்கு இந்த ஈ வேணாம் சார்."

அந்தப் பேச்சுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. மூன்று கூட்டங்கள் போனதற்கு நான் வருந்திக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தன் உடம்பின் வாசனைக்கு வெட்கப்பட்டு ஜன்னலுக்குப் பின்னால் நிற்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அப்போதே போனில் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் மட்டும் கேட்டிருப்பார். ஆனால் பொய்யைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். "இந்த மாசக் கூட்டத்தையும் உங்க கொல்லையிலயே வைக்கணும்மா. அதுக்கப்புறமும் வேணாம்னா நானே வண்டியோட வரேன்" என்றேன். அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பாண்டி வீட்டுக்குள் இருந்தார். நான் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நான்காவது பெட்டியின் மூடிமேல் படுக்கப் போட்டேன். உருண்டு விழுந்தது. எடுத்து ஐந்தாவதன் மேல் போட்டேன். அதுவும் விழுந்தது.

"என்னா சார், வித்தை காட்டறீங்களா?" என்றார் மாதையன்.

சட்டம் குறுக்கே இருப்பதையும் பெட்டி சாய்ந்திருப்பதையும் காட்டினேன். இரண்டும் நான் சொன்னது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல தொழில்நுட்ப விளக்கமாக முடிந்திருக்கும். அப்படி நிறுத்திவிட எனக்கு ஆசையாகவும் இருந்தது.

"அப்ப அந்த ஆயில் நாத்தம்?" என்று மாதையனே கேட்டார். இன்றுவரை அதற்கு அவருக்கு நன்றி சொல்கிறேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. போன மாசமும் இதே மாதிரி பாட்டில் விழுந்துது. அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் 'இருக்கலாம்'னு சொன்னேன். பிசகு என்னுது. பழியத் தூக்கிப் பாண்டி மேல போட்டேன். அதுபோக, மூணு கூட்டத்தையும் ஒரே நாள்ல அறுத்து ஓட்டினதும் நான்தான்."

சுவருக்கு அந்தப் பக்கம் பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த வெங்கடம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"ஏமி சாரு, அம்மாம் படிப்பு படிச்சு நாலு கல்லு நேரா வெக்கத் தெரியலியா? எங்க பசுவோட தொட்டி உங்க பெட்டியவிட நேரா நிக்குது, வந்து பாருங்க!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை.

"ஓடிப்போன மூணு ஈக்கூட்டமும் போனதுதான சார்?"

"போனதுதாம்மா."

"அன்னைக்கு இவருக்குச் சோறு எறங்கல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை வாங்கிக்கொண்டாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. உள்ளே திரும்பி, "ஏங்க, வெளிய வாங்க. எம்புட்டு நேரம் சன்னலுக்குள்ளயே நிப்பீக?" என்று கூப்பிட்டார்.

பாண்டி வந்தார். அன்று குளிக்க நேரமில்லாமல் ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார் போலிருக்கிறது, நீலச் சட்டையில் எண்ணெய்க் கறை. என் முகத்தைப் பார்க்காமல், "இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லுங்க சார்" என்றார்.

பையில் கொத்தனாரின் ரசமட்டம் கொண்டுபோயிருந்தேன். மிச்சமிருந்த மூன்று பெட்டிகளையும் மட்டம் பார்த்தோம். பாண்டி கடப்பாறையால் முன்கல்லை நெம்பிப் பிடிக்க, மாதையன் அடியில் சில்லுக்கல் கொடுத்தார். மழைத் தண்ணீருக்கு மூடியின் மேல் தகரத்தை நீட்டிப் போட்டால் போதும், பெட்டி சாய வேண்டியதில்லை. கல் அசையும்போது தேனீக்கள் சில வெளியே வந்தன. ஒன்று பாண்டியின் முழங்கைக்குக் கீழே, கறை படிந்த இடத்திலேயே உட்கார்ந்து இறக்கையைத் துடைத்துக்கொண்டது. அவர் கடப்பாறையை அசைக்காமல் அது பறக்கும்வரை நின்றார். மாதையன் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். "கல்லப் போடறங்க, பிடிச்சுக்க தம்பி" என்று மட்டும் சொன்னார் மாதையன்.

கத்தியை எடுக்கவில்லை. இந்த முறை வாரத்துக்கு ஓர் அடை என்று வைத்துக்கொண்டோம். ஓரத்து அடையை மட்டும் விடுவித்து, நிமிர்த்தி, நாரால் கட்டினோம். தேனீக்கள் அதை மெழுகால் ஒட்டி நாரைக் கடித்துத் துப்பிய பிறகுதான் அடுத்தது. நேரான அடைகள் இரண்டு கிடைத்ததும் நடுவில் காலிச் சட்டம் ஒன்றை விட்டோம். இருபுறமும் நேராகச் சுவர் இருந்தால் நடுவில் கோணலாகக் கட்டத் தேனீக்கு இடமே இல்லை. கொள்ளும் அவரையும் பூத்திருந்த நேரம், தேன் வரவு நன்றாக இருந்தது. செல்வி இப்போது சட்டத்தைத் தானே தூக்கினார். நான் பக்கத்தில் நின்றேன்.

தை முடிவில் மாந்தோப்புக்காரர் போன் செய்தார். பூ விரிந்துவிட்டது, உடனே பெட்டி வேண்டும். குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டி அந்திக்கு வந்தது. இரண்டு பெட்டிகள் தயார். மூன்றாவதில் நடு அடைகள் இன்னும் பின்னிக்கிடந்தன. மூன்றும் போனால்தான் பாதிக் கணக்கு நிறையும், செல்வி உறுப்பினராவார்.

"மூணையும் ஏத்திரலாமா சார்?" என்று பாண்டி கேட்டார். எனக்கும் அதே ஆசைதான். ஒரு பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிட்டால், போய்ச் சேர்ந்தாலும் சேரும். "ஏத்தலாம்" என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"பின்னின அடை நெடுஞ்சாலைக் குலுக்கலுக்குத் தாங்காது பாண்டி. உள்ளேயே உடைஞ்சு ஈ தேன்ல முங்கிச் செத்துரும்" என்றேன். செல்வியைப் பார்த்தேன். இழப்பு அவருடையது.

அவர் குனிந்து பெட்டியின் வாசலைப் பார்த்தார். "ரெண்டே போகட்டும் சார். கணக்குக்காக இதக் கொல்ல வேணாம்" என்றார்.

டிரைவருக்கு அவசரம். ஷிப்டு விடுவதற்குள் ஓசூர்ப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்றார். பெட்டிகளின் வாசல் முன்னால் பார்க்கும்படி ஏற்றி ஏற்கெனவே கயிற்றைப் போட்டுக்கொண்டிருந்தார். அவிழ்க்கச் சொன்னேன்.

"எப்புடி வெச்சா என்னா சார், பெட்டிதானே?"

"பிரேக் போட்டா அடை முன்னும் பின்னும் ஆடும்ங்க. பக்கவாட்டுல திருப்பி வெச்சா சட்டம் ரோடு போற திசையில நிக்கும், ஆடாது."

முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார். சட்டம் குறுக்கே இருக்கிறது என்பதை அன்று நான் மறக்கவில்லை. இரண்டு பெட்டிகளும் ஓர் அடைகூட உடையாமல் தோப்பில் இறங்கின.

சங்கத்தில் செல்விக்காகப் பேசினேன். மூன்று கூட்டங்களும் போனது என்னால்தான் என்றேன். மாம்பூ முடிவதற்குள் மூன்றாவதாக ஏதாவது ஒரு பெட்டி தோப்புக்குப் போனால் ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். அவ்வளவுதான் கிடைத்தது. பின்னிக்கிடந்த கூட்டம் அதற்குள் தேறாது என்று எனக்குத் தெரியும்.

மாசியில் ஒரு பிற்பகல் பாண்டி அழைத்தார். பின்னால் பெரிய இரைச்சல்.

"சார், கம்பெனி வண்டி ஸ்டாண்டுல ஒரு கூட்டம் வந்து தொங்குது. செக்யூரிட்டி அண்ணன்தான் கூப்புட்டாரு, 'டேய் பாண்டி, உன் சொந்தக்காரங்க கேட்டுக்கு வந்திருக்காங்கடா'ன்னு. மருந்தடிக்கச் சொல்லிட்டாகளாம். அர மணி நேரம் தாரேங்கிறாரு. அட்டைப் பெட்டி இருக்கு." பிறகு கேட்டார். "ஆயில் சட்டையோட நிக்கேன் சார். மாத்த நேரமில்ல. இப்படியே பிடிக்கலாமா?"

அந்தக் கேள்வி அவருக்குள் இன்னும் கிடந்தது. போட்டவன் நான்.

"பிடிங்க பாண்டி" என்றேன். "சட்டைக்கும் ஈக்கும் சம்பந்தமே இல்ல. ராணி உள்ளே விழுந்தா மத்ததெல்லாம் தானா வரும்."

அவர் பிடித்தார். ஷிப்டு மாறும் கூட்டம் சுற்றி நின்று கைபேசியில் படம் எடுத்ததாம். அந்த மாலை காலிப் பெட்டி ஒன்றை மட்டம் பார்த்து வைத்து, பின்னிய பெட்டியிலிருந்து நிமிர்த்திய ஒரே ஒரு நேரான அடையை உள்ளே கொடுத்துக் கூட்டத்தை விட்டார்கள். இடம் கிடைத்த கூட்டத்துக்கு அடை கட்டும் வேகமே வேறு. கொஞ்ச நாளில் செல்வி எனக்கு ஒரு படம் அனுப்பினார். தாளும் கம்பியும் இல்லாத வெள்ளை அடை, சட்டத்தின் நான்கு ஓரத்துக்குள்ளும் அடங்கி, கதவுபோல நேராக. அடியில் எழுதியிருந்தார்: "தூக்கிட்டேன் சார். பிய்யல." பூ உதிரத் தொடங்கும் முன் அந்தப் பெட்டி தோப்புக்குப் போனது.

செல்வி இப்போது நிரந்தர உறுப்பினர். பின்னிக்கிடந்த அந்தப் பெட்டியும் சித்திரைக்குள் நிமிர்ந்துவிட்டது. போன மூன்று கூட்டங்கள் எந்தப் பாறைப் பொந்தில் இருக்கின்றனவோ தெரியாது.

அடுத்த வாரம் உங்கள் முதல் களப்பயிற்சி செல்வி வீட்டுக் கொல்லையில்தான். பெட்டியைத் திறக்க நீங்கள் கை நீட்டும்போது அவர் தடுப்பார். ஒரு தண்ணீர் பாட்டிலை மூடிமேல் படுக்கப் போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். பாட்டிலைப் பார்க்கமாட்டார், முகத்தைத்தான். அது நின்றால் திறங்கள். உருண்டால், சுற்றி நிற்பவர்களின் சட்டையில் காரணம் தேடாதீர்கள். பெட்டியை வைத்தது யார் என்று உரக்கச் சொல்லுங்கள், கல்லை நிமிர்த்துங்கள், பிறகு திறங்கள். அன்று பாண்டியும் அங்கே நிற்பார், அநேகமாக நீலச் சட்டையில்.